அழகுப் போட்டி மேடையிலிருந்து குந்தவை வரை: திரிஷாவின் திரைவாழ்வை எதைக் கொண்டு அளப்பது?

மாலைக்காட்சி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்த் திரையில் கதாநாயகிகளின் காலம் ஏன் இவ்வளவு குறுகிப் போகிறது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொண்டிருக்கிறேன். புகழின் உச்சியில் இருந்த நடிகைகள் ஐந்தாறு ஆண்டுகளில் திரையை விட்டு விலகியதும், சிலர் நீண்ட இடைவெளிக்குப் பிறகு அக்கா, அண்ணி, அம்மா வேடங்களில் திரும்பி வந்ததும் நம் அனைவருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் எந்தப் பட்டியலை எடுத்தாலும், திரிஷாவின் பெயர் அந்தக் கதைக்குள் அடங்க மறுக்கிறது.

1999இல் மிஸ் சென்னை பட்டம் வென்ற மாடலாக அறிமுகமானவர். அதே ஆண்டில் வெளிவந்த 'ஜோடி' படத்தில் சிம்ரனின் தோழிகளில் ஒருவராகச் சில காட்சிகளில் தோன்றினார். 2002இன் இறுதியில் 'மௌனம் பேசியதே' மூலம் கதாநாயகியானார். அப்போது முன்னணியில் இருந்தவர்கள் சிம்ரனும் ஜோதிகாவும். அவர்களுக்குப் பின் அசின் வந்தார், தமிழிலும் இந்தியிலும் உயர்ந்தார், விலகியும் போனார். திரிஷாவோ 2025இன் முதல் பாதியில் மட்டும் அஜித்குமாருடன் இரண்டு படங்கள், மணிரத்னத்தின் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ஒரு படம், மலையாளத்தில் ஒரு படம் என நான்கில் நடித்திருக்கிறார்.

இதை எப்படி விளங்கிக் கொள்வது என்பதே என் கேள்வி. மாடலிங் பின்னணி அவருக்கு உண்மையில் உதவியதா, அல்லது நடிகையாக ஏற்றுக் கொள்ளப்படுவதைத் தாமதப்படுத்தியதா? இத்தனை ஆண்டுகள் நின்றது அவருடைய தேர்வுகளால் நிகழ்ந்ததா, சூழ்நிலை அமைத்துக் கொடுத்ததா? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நடிகையின் திரைவாழ்வை ஆண்டுகளால் அளப்பதா, பாத்திரங்களால் அளப்பதா?

ஒரு வேண்டுகோளும் உண்டு. அவருடைய திருமணம், நட்பு, அரசியல் பற்றிய வதந்திகள் எதையும் இந்த இழையில் கொண்டு வர வேண்டாம். படங்களைப் பற்றி மட்டும் பேசினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


வெண்திரை வாசகர் எழுதியது:

நல்ல கேள்வி. மாடலிங் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன், ஏனெனில் அந்தக் காலத்தை இன்றைய வாசகர்கள் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்களா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் தேர்வு பெற்ற பிறகு, அழகுப் போட்டி மேடை என்பது திரையுலகின் வாசலாகவே ஆகிவிட்டது. ஐஸ்வர்யா ராய் முதன்முதலில் நடித்தது 1997இல் வெளிவந்த 'இருவர்' என்ற தமிழ்ப் படத்தில். 2000இல் உலக அழகியான பிரியங்கா சோப்ராவின் முதல் படமும் 2002இல் வந்த 'தமிழன்'தான். ஆக, பட்டம் வென்ற பெண்கள் தமிழில் அறிமுகமாவது திரிஷாவுக்கு முன்பே நிகழ்ந்து கொண்டிருந்தது. ஆனால் அவர்களுக்குத் தமிழ் ஒரு தொடக்கப் படியாக மட்டுமே இருந்தது. அடுத்த படி மும்பையில் இருந்தது. திரிஷா சென்னையில் பிறந்து, சென்னையில் படித்து, சென்னையின் பட்டத்தை வென்றவர். 2001ஆம் ஆண்டின் மிஸ் இந்தியா போட்டியிலும் கலந்து கொண்டு, அழகிய புன்னகைக்கான பட்டத்தைப் பெற்றார். பல்குனி பாடக்கின் இந்திப் பாடல் காணொளி ஒன்றிலும் தோன்றினார். அந்த வழியே தொடர்ந்து போயிருந்தால் மும்பையின் விளம்பர உலகத்துக்குள் சென்றிருக்கலாம். அவர் முதலில் ஒப்பந்தமானது பிரியதர்ஷன் இயக்கிய 'லேசா லேசா' படத்துக்கு. அதன் வெளியீடு தள்ளிப் போனதால், அமீரின் முதல் படமான 'மௌனம் பேசியதே' முந்திக் கொண்டது.

மாடலிங் ஒரு நடிகைக்கு என்ன தருகிறது என்பதை நாம் குறைத்தும் மதிப்பிடக் கூடாது, கூட்டியும் மதிப்பிடக் கூடாது. ஒளி எங்கிருந்து விழுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் முகம் எப்படித் தெரியும், பலர் பார்த்துக் கொண்டிருக்கும்போது கூச்சமின்றி எப்படி நிற்பது என்பவற்றை அது சொல்லிக் கொடுக்கிறது. எதிரே இருப்பவர் பேசும்போது அதைக் கேட்டு முகத்தில் வாங்கிக் கொள்வதை அது சொல்லிக் கொடுப்பதில்லை. புகைப்படத்துக்கு நிற்பவர் தன் முகத்தைக் காட்டினால் போதும். நடிப்பவரோ எதிரே இருப்பவர் சொன்னதால் தன் முகம் மாறுவதைக் காட்ட வேண்டும். திரிஷாவின் முதல் இரண்டு ஆண்டுகளின் படங்களை வரிசையாகப் பார்த்தால், இந்த இரண்டாவது திறன் மெல்ல மெல்ல வந்து சேர்வதைக் காணலாம்.

2003இல் வந்த 'சாமி'யில் திருநெல்வேலியின் அந்தணக் குடும்பத்துப் பெண்ணான புவனாவாக நடித்தபோது, மேடையில் நடந்து பழகிய மாடல் என்ற அடையாளம் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டது. தமிழ் ரசிகர்கள் அவரைத் தங்கள் தெருவில் பார்த்த பெண்ணாக ஏற்றுக் கொண்டது அந்தப் படத்தில்தான் என்று நான் கருதுகிறேன். அடுத்த ஆண்டு வந்த 'கில்லி'யை எல்லோரும் விஜய்யின் படம், பிரகாஷ்ராஜின் படம் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். 2024இல் அது மீண்டும் திரையரங்குகளுக்கு வந்து கொண்டாடப்பட்டபோதும் பேச்சு பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது. ஆனால் மதுரையிலிருந்து தப்பி வந்து, முன்பின் அறியாத ஒருவனின் வீட்டு அறைக்குள் ஒளிந்திருக்கும் தனலட்சுமியின் அச்சம் ஒரு கணம் பொய்யாகத் தெரிந்திருந்தாலும், அந்தத் துரத்தல் முழுவதும் வெறும் சண்டைக் காட்சிகளாகச் சரிந்திருக்கும். படத்தின் பெரும்பகுதியில் அவருக்கு வசனம் குறைவு. கண்களாலும் தோள்களின் ஒடுக்கத்தாலும் அவர் தாங்கிய பாத்திரம் அது.

மாடலிங் தராத இன்னொன்று குரல். வடக்கிலிருந்து வந்த நடிகைகளுக்குத் தமிழ் தெரியாது, ஆகவே பின்னணிக் குரல் கொடுக்கிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். 'இருவர்' படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கு நடிகை ரோகிணி குரல் கொடுத்தார். அது புரிந்து கொள்ளக் கூடியது. சென்னையில் வளர்ந்து தமிழ் பேசும் திரிஷாவுக்கும் பல ஆண்டுகள் வேறொருவரின் குரல்தான் என்பதற்கு அந்த விளக்கம் பொருந்தாது. கதாநாயகியின் குரல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று திரையுலகம் வைத்திருந்த ஓர் அச்சுக்குள் எல்லோரையும் அடக்கினார்கள் என்பதே உண்மை. 2010இன் இறுதியில் வந்த 'மன்மதன் அம்பு'வில் நிஷா என்ற திரைப்பட நடிகையாக அவர் தம் சொந்தக் குரலில் பேசினார். அந்தப் பாத்திரம் அவரிடம் அவ்வளவு இயல்பாக அமைந்ததற்குக் குரலும் ஒரு காரணம். தங்கள் கட்டுரையில் இந்தப் பகுதிக்கு இடம் ஒதுக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.


ஐதராபாத்வாசி எழுதியது:

மேலே நண்பர் எழுதியவற்றை ஏற்கிறேன். ஆனால் திரிஷா நீண்ட காலம் நின்றதற்கான காரணத்தைத் தமிழுக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி தெலுங்கில் இருக்கிறது. தமிழ் ரசிகர்கள் இதை அடிக்கடி மறந்து விடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

2004 சனவரியில் 'வர்ஷம்' வெளிவந்தது. பிரபாஸை முன்னணிக்குக் கொண்டு வந்த படம் என்று அதைச் சொல்வார்கள். ஆனால் கதை சைலஜாவைச் சுற்றியே நகர்கிறது. பேராசை கொண்ட தந்தை, அவளை அடையத் துடிக்கும் ஒருவன், அவள் விரும்பும் ஒருவன் என மூவரும் அவளைக் கொண்டே இயங்குகிறார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, பிரபுதேவா முதன்முறையாக இயக்கிய 'நுவ்வொஸ்தானன்டே நேனொத்தன்டானா' வந்தது. அண்ணன் வளர்த்த கிராமத்துப் பெண்ணான சிரி அதில் அவருக்கு அமைந்த பாத்திரம். 2007இல் செல்வராகவன் தெலுங்கில் இயக்கிய 'ஆடவாரி மாடலகு அர்த்தாலே வேருலே' படத்தில், கதாநாயகன் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு மேலதிகாரியாக வரும் கீர்த்தி. இந்த மூன்று படங்களுக்கும் தெலுங்கில் சிறந்த நடிகைக்கான பிலிம்ஃபேர் விருதைப் பெற்றார். தமிழில் அதே விருது அவருக்கு '96' படத்துக்காகத்தான் கிடைத்தது. அது வெளிவந்தது 2018இல். அதாவது தமிழ்நாடு அவரை வணிகப் படங்களின் கதாநாயகியாக மட்டும் பார்த்துக் கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், ஆந்திரம் அவரை நடிகையாகப் பார்த்துவிட்டது.

ஒரு செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. தெலுங்கில் வெற்றி பெற்ற படத்தைத் தமிழில் எடுக்கும்போது கதாநாயகி மாறிவிடுவதே வழக்கம். 'வர்ஷம்' தமிழில் 'மழை'யாக வந்தபோது ஸ்ரேயா நடித்தார். கீர்த்தியின் பாத்திரம் 'யாரடி நீ மோகினி'யில் நயன்தாராவுக்குச் சென்றது. ஆனால் சிரியின் கதை 2006இல் 'உனக்கும் எனக்கும்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தபோது, திரிஷாவே கவிதாவாக அதே பாத்திரத்தை மீண்டும் செய்தார். இயக்குநர் வேறு, கதாநாயகன் வேறு, அண்ணனாக நடித்தவர் வேறு. அந்தப் பெண் மட்டும் மாறவில்லை. ஒரு பாத்திரம் ஒரு நடிகைக்கே உரியது என்று தயாரிப்பாளர்கள் ஏற்றுக் கொள்வது எளிதில் நிகழ்வதில்லை.

தொழில் முறையில் பார்த்தாலும் இந்த இரட்டை வாழ்வு அவருக்குக் காப்பாக இருந்தது. தமிழில் இரண்டு படங்கள் சரியாக ஓடாத ஆண்டில் தெலுங்கில் மகேஷ் பாபுவுடன் 'அதடு' இருக்கும். அங்கே தொய்வு வந்தால் இங்கே ஒரு படம் கைகொடுக்கும். ஒரே மொழியை நம்பியிருந்த நடிகைகளுக்கு இரண்டு தோல்விகளே போதுமானவையாக இருந்தன, அடுத்த அழைப்பு வராது. பின்னர் 2014இல் புனீத் ராஜ்குமாருடன் கன்னடத்திலும், 2018இல் நிவின் பாலியுடன் 'ஹே ஜூட்' மூலம் மலையாளத்திலும் நுழைந்தார். இந்தியில் 2010இல் பிரியதர்ஷனின் 'கட்டா மீட்டா'வில் அக்ஷய் குமாருடன் நடித்ததோடு அந்தப் பாதையைத் தொடரவில்லை. தொடராததும் நல்லதே என்பது என் துணிபு. மும்பையில் புதிதாகத் தொடங்கியிருந்தால், இங்கே அவர் கட்டி எழுப்பியிருந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கும்.


எதிர்வாதி எழுதியது:

நண்பர்கள் இருவரும் அன்போடு எழுதியிருக்கிறார்கள். எனினும் கட்டுரையாளர் கேட்ட மூன்றாவது கேள்வியை, அதாவது ஆண்டுகளா பாத்திரங்களா என்பதை, இருவருமே தொடாமல் சென்றுவிட்டார்கள். அதை நேராகவே எடுத்துக் கொள்ள வேண்டும்.

நீண்ட காலம் நிற்பது மதிக்கத்தக்கது. ஆனால் அதையே சாதனையாகக் கொண்டால், அந்த ஆண்டுகளில் அவருக்கு என்ன எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி மறைந்து போகிறது. 'திருப்பாச்சி', 'ஆதி', 'குருவி', 'பீமா' போன்ற படங்களில் கதாநாயகியை எடுத்துவிட்டால் பாடல்கள் குறையுமே தவிர, கதையில் பெரிய மாற்றம் இராது. இது அவருடைய குறை அன்று, எழுதியவர்களின் குறை. ஆயினும் நாம் கணக்கெடுக்கும்போது இந்தப் படங்களையும் சேர்த்து 'இத்தனை ஆண்டுகள்' என்று சொல்வதில் ஒரு பொய்த்தோற்றம் இருக்கிறது. 2025இன் நான்கு படங்களை நீங்கள் குறிப்பிட்டீர்கள். அவற்றில் மணிரத்னத்தின் 'தக் லைஃப்' படத்தில் இந்திராணி என்ற அந்தப் பாத்திரத்துக்கு எழுத்தில் எவ்வளவு இடம் தரப்பட்டிருந்தது என்பதைப் பார்த்தவர்கள் தாங்களே முடிவு செய்யலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ள ஒருவருக்கு அது போதாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவரையே மையமாக வைத்து எடுக்கப்பட்ட படங்கள் என்ன ஆயின? 'நாயகி', 'மோகினி', 'பரமபதம் விளையாட்டு', 'ராங்கி' என்று ஒரு வரிசை இருக்கிறது. இவற்றில் எதுவும் மக்களிடம் பெரிதாகச் சென்று சேரவில்லை. இதே ஆண்டுகளில் நயன்தாரா 'மாயா', 'அறம்', 'கோலமாவு கோகிலா' ஆகிய படங்களின் மூலம் தனியாகவே ஒரு படத்தைத் தாங்கும் இடத்தை அடைந்தார். ஜோதிகா 2015இல் '36 வயதினிலே' மூலம் திரும்பி வந்து அப்படி ஓர் இடத்தை ஏற்படுத்திக் கொண்டார். இந்த ஒப்பீட்டைத் தவிர்த்துவிட்டு திரிஷாவைப் பற்றி எழுதுவது நேர்மையாக இராது. காரணம் என்ன என்று கேட்டால், நடிப்பில் குறை என்று சொல்ல மாட்டேன். அந்த வரிசையில் பேய்க் கதைகளும் துரத்தல் கதைகளும்தான் மிகுதி. 'அறம்' படத்தின் மாவட்ட ஆட்சியரைப் போல, தன் முடிவால் கதையை நகர்த்தும் ஒரு பெண்ணை அவற்றில் யாரும் எழுதவில்லை.

குரலைப் பற்றி வெண்திரை வாசகர் எழுதியதையும் இன்னும் ஓரடி முன்னே கொண்டு செல்ல விரும்புகிறேன். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் ஜெஸ்ஸியின் குரல் பாடகி சின்மயியுடையது. '96'இல் ஜானுவின் குரலும் அவருடையதே, அவள் பாடும் 'யமுனை ஆற்றிலே'யும் அவர் பாடியதே. 'லியோ'விலும் அவரே பேசியிருக்கிறார். நாம் திரிஷாவின் மிகச் சிறந்த நடிப்பு என்று போற்றும் இரண்டு பாத்திரங்களிலும் ஒரு பெரிய பங்கு இன்னொரு கலைஞருடையது. அந்த மூச்சின் தயக்கம், சொல்லின் நடுவே வரும் இடறல் ஆகியவை ஒலிப்பதிவு அறையில் வேறொருவர் உருவாக்கியவை. விருது ஒருவருக்குச் செல்கிறது, புகழும் ஒருவருக்கே செல்கிறது. கட்டுரையில் இருவரையும் சேர்த்துக் குறிப்பிடுவதே முறை.

ஒரே ஒரு விதிவிலக்கை ஒப்புக் கொள்கிறேன். 2016இல் வந்த 'கொடி'யில் அரசியல்வாதியான ருத்ராவாக, காதலித்தவனையே பதவிக்காகக் கொல்லும் பெண்ணாக அவர் நடித்தார். முன்னணிக் கதாநாயகி ஒருவர் அத்தகைய பாத்திரத்தை ஏற்பதற்குத் துணிவு வேண்டும். அவளுடைய பேராசையைக் கெட்ட குணமாக மட்டும் காட்டாமல், அரசியலில் இருக்கும் ஆண்களிடம் நாம் இயல்பாக எடுத்துக் கொள்ளும் அதே வேட்கையாக அவர் செய்திருந்தார். அந்தப் படத்துக்குப் பிறகு அவருக்கு அத்தகைய பாத்திரங்கள் தொடர்ந்து எழுதப்படாதது தமிழ்த் திரையின் இழப்பு.


மாலைக்காட்சி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தெலுங்குப் பகுதியை நான் இவ்வளவு விரிவாக எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எதிர்வாதியின் கருத்து கட்டுரையின் நடுப்பகுதியாகவே அமையக் கூடியது.

இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஜெஸ்ஸி, ஜானு, 'பொன்னியின் செல்வன்' படங்களின் குந்தவை ஆகிய மூன்றும் நாயகனை மையமாகக் கொண்ட படங்களிலோ பலர் நடித்த படங்களிலோ வந்தவை. தனி நாயகியாக நடித்த படங்களில் கிடைக்காத ஏற்பு இவற்றில் மட்டும் கிடைத்தது ஏன்? இது எழுத்தின் சிறப்பு மட்டும்தானா, அல்லது இத்தகைய பாத்திரங்களுக்கு அவர் தனியாகக் கொண்டு வருவது ஏதேனும் இருக்கிறதா?


பழையாறைப் பயணி எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். தாங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு என்னால் இயன்ற பதிலைத் தருகிறேன்.

அந்த மூன்று பெண்களுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. மூவரும் தங்கள் மனத்தில் இருப்பதை முழுவதும் சொல்லாதவர்கள். 2010இல் வந்த ஜெஸ்ஸி, நாயகன் கார்த்திக்கை விட ஒரு வயது மூத்தவள், வேறு மதத்தைச் சேர்ந்தவள், தந்தையை மீற முடியாதவள். அவள் சம்மதிக்கிறாள், மறுக்கிறாள், மீண்டும் நெருங்கி வருகிறாள். கார்த்திக்கின் பார்வையில் சொல்லப்படும் கதை என்பதால், அவளுடைய மனமாற்றங்களுக்கு விளக்கம் எதுவும் வசனத்தில் தரப்படுவதில்லை. பார்க்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்துக்கு இடம் தரும் அளவுக்கு மட்டும் வெளிப்படுத்தி, மீதியை நிறுத்தி வைப்பது கடினமான வேலை. கொஞ்சம் கூடினால் அவள் ஏமாற்றுக்காரி ஆகிவிடுவாள், கொஞ்சம் குறைந்தால் உணர்ச்சியற்றவள் ஆகிவிடுவாள். அதே கதை அதே நாளில் தெலுங்கில் வெளியானபோது சமந்தா ஜெஸ்ஸியாக நடித்தார், அங்கும் குரல் சின்மயியுடையதுதான். எதிர்வாதி குரலைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் குரல் ஒன்றாகவே இருந்தும் இரண்டு ஜெஸ்ஸிகளும் வேறுவேறு பெண்களாகத் தெரிகிறார்கள் அல்லவா? சமந்தாவின் ஜெஸ்ஸியிடம் ஓர் இளமையின் துள்ளல் இருக்கிறது. திரிஷாவின் ஜெஸ்ஸி, முடிவை முன்பே அறிந்தவளைப் போல நடந்து கொள்கிறாள். இந்த வேறுபாடு ஒலிப்பதிவு அறையில் பிறந்தது அன்று.

'96'க்கு வருவோம். பெரும்பகுதி ஒரே இரவில் நிகழும் கதை. பள்ளித் தோழர்களின் ஒன்றுகூடலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும் ஜானு, அந்த இரவு முழுவதும் ஏறக்குறைய ஒரே மஞ்சள் உடையில் இருக்கிறாள். ஆடை மாற்றமும் பாடல் காட்சியின் அலங்காரமும் பல ஆண்டுகளாகக் கூடவே வந்த ஒரு நடிகைக்கு, அவை எல்லாம் எடுத்துக் கொள்ளப்பட்டு, சென்னையின் தெருக்களும் மெட்ரோ ரயிலும் எதிரே ராம் என்ற ஒரு மனிதனும் மட்டும் மீதி வைக்கப்பட்டன. கணவனையும் குழந்தையையும் உடைய பெண் அவள். எல்லை தாண்டப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், ராமுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கல்லூரியில் தன்னைத் தேடி ராம் வந்திருந்த செய்தியை இத்தனை ஆண்டுகள் கழித்துத் தெரிந்து கொள்ளும்போது, அவள் அழுகையை விடவும் அதற்கு முந்தைய சில நொடிகளைக் கவனித்துப் பாருங்கள். தான் வாழாமல் விட்ட ஒரு வாழ்க்கையைக் கணக்கிட்டுப் பார்க்கும் முகம் அது. 2018இல் அந்த முகம் நம்மை அவ்வளவு தொட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நம்புகிறேன். பதினைந்து ஆண்டுகளாக அவரைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை திரையரங்கில் அமர்ந்திருந்தது. ராம் எந்த நினைவோடு ஜானுவைப் பார்த்தானோ, அதற்கு நெருக்கமான ஒரு நினைவோடு அவர்களும் அவரைப் பார்த்தார்கள். ஆகவே ஆண்டுகளையும் பாத்திரங்களையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஆண்டுகள் இல்லாமல் இந்தப் பாத்திரம் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. புதிய நடிகை ஒருவர் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அந்த ஒரு பங்கு குறைந்தே இருந்திருக்கும்.

குந்தவையைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்துவது கடினம், ஏனெனில் கல்கியின் நாவலில் நான் மிகவும் மதிக்கும் பாத்திரம் அவளே. 2022இல் முதல் பாகமும் 2023இல் இரண்டாம் பாகமும் வந்தன. ஐந்து பாகங்கள் கொண்ட நாவலை இரண்டு படங்களுக்குள் அடக்கியதால், குந்தவையின் திட்டங்கள் பலவும் சுருக்கப்பட்டுவிட்டன. அந்தக் குறையை, அவள் ஓர் அவைக்குள் நுழையும் விதத்தாலும் நிற்கும் விதத்தாலும் ஈடு செய்ய வேண்டிய நிலை நடிகைக்கு ஏற்பட்டது. தொடக்கத்தில் கேட்கப்பட்ட மாடலிங் பற்றிய கேள்விக்கு இங்கேதான் எனக்கு விடை கிடைக்கிறது. முதல் படங்களில் மறைக்க வேண்டியிருந்த அந்தப் பயிற்சி, சோழ இளவரசியின் நிமிர்ந்த கழுத்திலும் அவசரமற்ற நடையிலும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முழுப் பயன் கொடுத்தது. நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியில் எதிரெதிரே நின்றவர்கள் ஐஸ்வர்யா ராயும் திரிஷாவும். இருவருமே அழகுப் போட்டி மேடையிலிருந்து வந்தவர்கள். இருவரும் புன்னகைத்துக் கொண்டே ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கிறார்கள், யாரும் குரலை உயர்த்துவதில்லை. அரசியலில் தேர்ந்த இரண்டு பெண்களின் பகை அப்படித்தான் இருக்கும் என்று நம்ப வைத்த காட்சி அது.

தனி நாயகியாக நடித்த படங்கள் ஏன் சேரவில்லை என்பதற்கும் இதிலேயே ஒரு விளக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவருடைய வலிமை எதிரே இருப்பவருக்குத் தரும் மறுவினையில் இருக்கிறது. பேய் வீட்டில் தனியே அலறி ஓடும் கதையில் எதிரே யாரும் இல்லை. 'அபியும் நானும்' படத்தில் பிரகாஷ்ராஜ் இருந்தார், 'கொடி'யில் தனுஷ் இருந்தார், '96'இல் விஜய் சேதுபதி இருந்தார். இவரைத் தனியே நிறுத்தியதுதான் பெண் மையப் படம் என்று எண்ணியவர்கள், சமமான ஓர் எதிர்ப்பாத்திரத்தை எழுத மறந்துவிட்டார்கள். 2024இல் இணையத் தொடராக வந்த 'பிருந்தா'வில் காவல் துறை அதிகாரியாக நடித்தபோது இந்தக் குறை பெருமளவு நீங்கியிருந்தது. பல மணி நேரம் நீளும் தொடரில் சக அதிகாரிகளோடும் குடும்பத்தாரோடும் அவருக்குப் பேசவும் கேட்கவும் இடம் இருந்தது.

கட்டுரைக்கு ஒரு யோசனை. ஐதராபாத்வாசி குறிப்பிட்ட சிரியையும் கவிதாவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே பாத்திரத்தை ஒரே நடிகை, இரண்டு மொழிகளில், இரண்டு இயக்குநர்களிடம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இடைவெளியில் செய்திருக்கிறார். எவை இயக்குநர்களால் வந்தவை, எவை அவரே கொண்டு வந்தவை என்பதைப் பிரித்தறிய அதை விட நல்ல சான்று கிடைக்காது. அண்ணனோடு வரும் காட்சிகளிலிருந்து தொடங்குங்கள்.